முகாமில் மின் இணைப்பு: சர்ஜ் புரொடெக்டர் மட்டும் போதுமா?

நெடுஞ்சாலை எழுதியது:

வணக்கம். எங்களுடையது 50 ஆம்பியர் இணைப்புள்ள டிரெய்லர், அதாவது இழுத்துச் செல்லும் பயண வீடு (ஆர்வி). சென்ற வாரம் அமெரிக்காவில், இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு முகாமில் இருந்தோம். பெயர் வேண்டாம். இரவுச் சமையலின் நடுவில் விளக்குகள் சட்டென்று பளீரென எரிந்தன. அதே நொடியில் ஏசி முனகிக்கொண்டே நின்றது. மைக்ரோவேவின் கடிகாரம் அணைந்துபோனது. பேட்டரி சார்ஜரிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. வெளியே ஓடி, எங்கள் இடத்துக்கென்று முகாம் வைத்திருக்கும் மின்பெட்டியின் பிரேக்கரை இறக்கிவிட்டேன்.

மைக்ரோவேவ், தொலைக்காட்சி, சார்ஜர் மூன்றும் போய்விட்டன. எனக்கு விளங்காதது ஒன்றுதான்: மின்பெட்டிக்கும் எங்கள் கேபிளுக்கும் நடுவில் நல்ல சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் அலையைத் தடுக்கும் கருவி) ஒன்றை மாட்டியிருந்தோம். மாட்டும்போது அதன் பச்சை விளக்குகள் எல்லாமே எரிந்தன. பிரேக்கரும் டிரிப் ஆகவில்லை. முகாம் அலுவலகத்தில் கேட்டால், "பக்கத்து இடத்தில் யாரும் புகார் சொல்லவில்லையே" என்கிறார்கள்.

என்ன நடந்திருக்கும்? அடுத்த முறை இதைத் தடுக்க என்ன மாட்ட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செப்புக்கம்பி எழுதியது:

நண்பரே, உங்கள் வர்ணனையிலேயே விடை இருக்கிறது. ஒரு பக்கம் விளக்கு பளீரென்று எரிகிறது, அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஏசி மூச்சுத் திணறுகிறது. இது நியூட்ரல் துண்டானதன் அடையாளம். மின்பணியில் இருப்பவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

50 ஆம்பியர் இணைப்பில் நான்கு கம்பிகள் வருகின்றன: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இரண்டு ஃபேஸுக்கும் நடுவே 240 வோல்ட். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். உங்கள் வண்டியின் பிரேக்கர் பெட்டி, சாதனங்களை இந்த இரண்டு ஃபேஸுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு பாதிக்கும் பொதுவாக நின்று, 240ஐ 120, 120 என்று சமமாகப் பங்கிட்டுப் பிடித்துவைத்திருப்பது நியூட்ரல்தான்.

அது விட்டுப்போனால் மின்சாரம் நிற்பதில்லை. அதனால்தான் இது இவ்வளவு ஆபத்தானது. இரண்டு பாதிகளும் தொடர் இணைப்பாகி, 240 வோல்ட்டைத் தங்களுக்குள் மின்தடையின் விகிதப்படி பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பாதியில் 12 ஆம்பியர் இழுக்கும் ஏசி ஓடுகிறது, அதன் தடை சுமார் 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு பாதியில் தொலைக்காட்சி, சார்ஜர் என்று 2 ஆம்பியர் லோடு, சுமார் 60 ஓம். 240ஐ 10க்கும் 60க்கும் பிரித்தால் ஏசிக்கு 34 வோல்ட்தான் கிடைக்கும். சிறிய சாதனங்கள் இருக்கும் பக்கத்துக்கு 205 வோல்ட் போகும். குறைவாக இழுப்பவைதான் முதலில் கருகும்.

பிரேக்கர் ஏன் விழவில்லை? அது ஆம்பியரை மட்டுமே பார்க்கிறது, மின்னழுத்தம் (வோல்டேஜ்) அதன் கண்ணில் படாது. சர்ஜ் புரொடெக்டர் ஏன் காக்கவில்லை? அதன் உள்ளே இருக்கும் வேரிஸ்டர்கள், மின்னல் அல்லது மின்வாரியத்தின் சுவிட்ச் மாற்றத்தால் வரும் கண்ணிமைக்கும் நேரத்து அலையை விழுங்குவதற்காக வைக்கப்பட்டவை. நொடிக்கணக்கில் நீடிக்கும் 205 வோல்ட்டின் முன் அவையே சூடாகிக் கருகிவிடும். இணைப்பைத் துண்டிக்கும் ரிலே சாதாரண சர்ஜ் புரொடெக்டரில் கிடையாது. பச்சை விளக்கு காட்டியது நீங்கள் மாட்டிய நேரத்து நிலவரத்தை மட்டும்தான்.

முகாமின் மின்பெட்டியைத் திறந்து நியூட்ரல் திருகைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிளக்கின் நியூட்ரல் முனையையும், வண்டியின் பிரேக்கர் பெட்டியில் இருக்கும் நியூட்ரல் இணைப்பையும் நீங்களே சரிபாருங்கள். மூன்றில் ஓர் இடத்தில் தளர்வு இருக்கும்.

---

ஐந்தாம்சக்கரம் எழுதியது:

செப்புக்கம்பி ஐயா சொன்னதோடு வாங்குவதைப் பற்றியும் கொஞ்சம். நீங்கள் தேட வேண்டியது மின் மேலாண்மைக் கருவி. பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய ஜூல் எண் (எவ்வளவு அலையை விழுங்கும் என்ற அளவு) அச்சிட்டிருக்கிறார்கள் என்பதில் மயங்க வேண்டாம். உள்ளே கான்டாக்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) இருக்கிறதா, தவறு கண்டால் ஃபேஸைத் துண்டிக்கிறதா என்று பாருங்கள். பரவலாக விற்பவை சுமார் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் 132க்கு மேல் ஏறினாலும் துண்டித்துவிடுகின்றன. நியூட்ரல் அறுந்தாலும், எர்த் இல்லாவிட்டாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் உள்ளே மின்சாரத்தை விடுவதில்லை.

வெளியே தொங்கவிடும் வகையும் உண்டு, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் வகையும் உண்டு. நான் உள்ளே பொருத்துவதையே பரிந்துரைப்பேன். மழையில் நனையாது, திருடு போகாது, மாட்ட மறக்கவும் முடியாது. வெளியே தொங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது: கேபிளை இணைப்பதற்கு முன்பே மின்பெட்டியைச் சோதித்துவிடலாம்.

---

மலைப்பாதை எழுதியது:

எங்களுடையது 30 ஆம்பியர் வண்டி. இதில் ஒரே ஒரு ஃபேஸ்தானே? அப்படியானால் நியூட்ரல் பிரச்சினை எங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எங்கள் தொல்லை வேறு. கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வோல்டேஜ் படிப்படியாக இறங்குகிறது. காலையில் 121 காட்டிய மீட்டர் மாலையில் 106 காட்டுகிறது. ஏசி கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு நொடி 100க்கும் கீழே போகிறது. அலுவலகத்தில் சொன்னால் "பிரேக்கர் விழவில்லையே" என்று அதே பதில்.

---

செப்புக்கம்பி எழுதியது:

அம்மா, பாதி சரி. உங்கள் வண்டியின் கேபிளிலோ பிளக்கிலோ நியூட்ரல் அறுந்தால் எல்லாம் அணைந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் முகாமின் பிரதானப் பெட்டியில், அல்லது பல இடங்களுக்கும் பொதுவாக வரும் கம்பியில் நியூட்ரல் விட்டுப்போனால் கதை வேறு. உங்கள் வரிசையும் பக்கத்து வரிசையும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கலாம். அப்போது அவர்களுடைய லோடும் உங்களுடைய லோடும் தொடர் இணைப்பாகிவிடும். 30 ஆம்பியர் வண்டியிலும் 180 வோல்ட் வரலாம். கருவி உங்களுக்கும் வேண்டும்.

30 ஆம்பியருக்கென்று தனி ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அந்த சாக்கெட்டுக்கு 120 வோல்ட்தான் வர வேண்டும். அதன் தோற்றமோ பழைய 240 வோல்ட் துணி உலர்த்தி சாக்கெட்டைப் போன்றது. ஆர்வி வயரிங் பழக்கமில்லாத மின்பணியாளர் அதைப் பார்த்ததும் இரண்டு ஃபேஸையும் இணைத்துவிடுகிறார். உங்கள் 120 வோல்ட் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் 240 பாயும். முகாமைவிட வீட்டு முற்றத்தில் புதிதாக சாக்கெட் போடும்போது இது அதிகம் நடக்கிறது. "பெரிய வேலை, லைசென்ஸ் உள்ளவர் போட்டது" என்று நம்பிவிடாமல், முதல் முறை மீட்டர் வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

வோல்டேஜ் இறங்குவதற்கு வருகிறேன். அமெரிக்காவின் தேசிய மின் விதிமுறையில் ஆர்வி முகாம்களுக்கான 551ஆம் பிரிவு இருக்கிறது. 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் கொண்ட முகாமில், எல்லா இடங்களின் மொத்தக் கணக்கில் 41 சதவீதத்தைத் தாங்கும்படி பிரதானக் கம்பிகளைப் போட்டால் போதும் என்று அது அனுமதிக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் முழு லோடும் இழுக்க மாட்டார்கள் என்பது அந்தக் கணக்கு. வெயில் கொளுத்தும் பிற்பகலில், முகாம் நிரம்பியிருக்கும் விடுமுறை நாளில், எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது அந்த அனுமானம் தோற்றுப்போகிறது. வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்கு மிச்சம் மீதிதான்.

இதில் விதியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பல முகாம்களின் மண்ணடிக் கம்பிகள், வண்டிகளில் இரண்டு ஏசி இல்லாத காலத்தில் புதைக்கப்பட்டவை.

வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக இழுக்கும், குறைவாகச் சுடும், கெடாது. மோட்டார் அப்படியல்ல. செய்ய வேண்டிய வேலை அப்படியே இருப்பதால், அழுத்தம் குறையக் குறையக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரசரின் சுருள் சூடாகும், பூச்சு உரியும். அது உடனே சாவதில்லை. அந்தக் கோடையில் வெந்தது அடுத்த கோடையில் நின்றுபோகும். அதனால்தான் யாரும் காரணத்தை முகாமோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

எல்லாரும் கருவி, கருவி என்கிறீர்கள். நான் பல வருடங்களாக ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு பயணம் செய்கிறேன். மாட்டுவதற்கு முன் அளக்கிறேன். 120 இருந்தால் மாட்டுகிறேன், இல்லாவிட்டால் இடம் மாற்றிக் கேட்கிறேன். ஒரு பொருளும் கெட்டதில்லை. விலையுயர்ந்த பெட்டியை வாங்கச் சொல்லிப் புதியவர்களைப் பயமுறுத்த வேண்டுமா?

---

ஐந்தாம்சக்கரம் எழுதியது:

அளப்பது நல்ல பழக்கம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அளக்கும்போது லோடு இல்லை. ஒரு நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரலும் லோடு இல்லாதபோது கச்சிதமாக 120 காட்டும். ஏசி கிளம்பி 15 ஆம்பியர் பாயும்போதுதான் அது கைவிடும். நெடுஞ்சாலை அவர்களுக்கு நடந்ததும் அதுதானே? மாட்டும்போது எல்லாம் பச்சை, கெட்டது சமையலின் நடுவில். அந்த நேரத்தில் மீட்டர் டூல் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

நியாயமான வாதம். லோடு ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதை என் முறை பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கருவி வைத்திருப்பவர்கள் மீட்டரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

---

மலைப்பாதை எழுதியது:

நடுவில் ஒன்று கேட்கிறேன், மன்னிக்கவும். இன்று காலை என் மகள் வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்றுகொண்டு கதவின் கைப்பிடியைத் தொட்டாள். கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். நான் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது சாதாரணமா?

---

செப்புக்கம்பி எழுதியது:

சாதாரணம் இல்லை. இதைப் படித்தவுடன் மின்பெட்டியின் பிரேக்கரை இறக்குங்கள். நீங்கள் இப்போது வண்டிக்குள் இருந்தால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மண்ணில் வைக்காதீர்கள். காய்ந்த ரப்பர் செருப்போடு இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் படும்படி குதித்து இறங்குங்கள். குழந்தைகளை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். பிரேக்கரை இறக்கிய பிறகு மற்றதைப் பேசலாம்.

---

மலைப்பாதை எழுதியது:

இறக்கிவிட்டேன். கேபிளையும் பிடுங்கிவிட்டேன். நன்றி ஐயா. கை நடுங்குகிறது.

---

செப்புக்கம்பி எழுதியது:

நல்லது. இப்போது காரணம்.

வண்டி நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதன் உலோக உடம்பை மண்ணோடு சமநிலையில் வைத்திருப்பது கேபிளில் வரும் எர்த் கம்பி ஒன்றுதான். அது எங்காவது விட்டுப்போனால் ஒவ்வொரு சாதனத்திலிருந்தும் கசியும் சிறு மின்சாரம் வண்டியின் உடம்பில் தங்கிவிடும். மீட்டரில் 50, 60 வோல்ட் காட்டும். எறும்பு ஊர்வதுபோல் தெரிவது அதுதான். அந்த நிலையில் சுடுநீர்த் தொட்டியின் ஹீட்டர் கம்பியில் ஒரு விரிசல் விழுந்தால், அடுத்த நொடி வண்டியின் உடம்பு முழுவதும் 120 வோல்ட். பிரேக்கர் விழாது, ஏனென்றால் மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லை. வழி கொடுப்பது ஈரத்தில் நின்று தொடுகிற மனிதர். இதயத்தைத் தடுமாற வைக்கச் சில பத்து மில்லிஆம்பியர் போதும். இலேசான கூச்சமா, கொல்லக்கூடியதா என்று விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இதுவரை பிரச்சினை இல்லாமல் இன்று வந்ததென்றால் முதலில் பிளக்கின் எர்த் முனை, அடுத்து அடாப்டர், அப்புறம் முகாமின் சாக்கெட் என்ற வரிசையில் பாருங்கள்.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

அவசரத்துக்கு வண்டியின் சட்டத்திலிருந்து ஒரு கம்பியை இரும்புக் கோலில் கட்டி மண்ணில் அடித்துவிட்டால் எர்த் கிடைத்துவிடாதா? ஊரில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

---

செப்புக்கம்பி எழுதியது:

இந்த எண்ணத்தைத் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். மண்ணின் மின்தடை மிக அதிகம். நன்றாக அடித்த கோலுக்கே 25 ஓம் என்பது நல்ல அளவாகக் கருதப்படுகிறது. 120 வோல்ட்டை 25ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கர் 4.8 ஆம்பியருக்கு அசையுமா? அசையாது. வண்டியின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும், கோலைச் சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து ஆபத்தாகும். எர்த் கம்பியின் வேலை மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புவதல்ல. பழுது வந்தவுடன் செப்புக் கம்பி வழியே மூலத்துக்கே பெரும் ஆம்பியரைத் திருப்பி, பிரேக்கரை உடனே விழவைப்பதுதான் அதன் வேலை. அதற்கு உலோகப் பாதை வேண்டும்.

இன்னொன்று, கருவி வைத்திருப்பவர்களுக்கு. இந்தக் கருவிகள் ஃபேஸைத் துண்டிக்கும், எர்த் கம்பியைத் துண்டிப்பதில்லை. பழைய வீடுகளில், தோட்டத்துக் கொட்டகைகளில், எர்த் இல்லாத சாக்கெட்டில் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு கம்பியால் சேர்த்துவைத்திருப்பார்கள். அதில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் எர்த் துளையிலேயே 120 வோல்ட் இருக்கும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் "எல்லாம் சரி" என்று காட்டும். மீட்டரும் துளைகளுக்கு நடுவில் சரியான எண்ணையே காட்டும். நண்பர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்துபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தொடாமலேயே மின்சாரத்தை உணரும் பேனா டெஸ்டர். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் காட்டி அது கத்துகிறதா என்று பாருங்கள். பிறகு தரையில் நின்றபடி வண்டியின் உலோகப் பகுதியின் அருகே கொண்டுபோங்கள். கத்தினால் தொடக் கூடாது. ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும், பிள்ளைகளை இறக்கிவிடுவதற்கு முன்னும் இதைச் செய்யச் சொல்வேன்.

---

புதுச்சக்கரம் எழுதியது:

படிக்கப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது, பயனாகவும் இருக்கிறது. என்னிடம் ஒரு குழப்பம். முகாமில் ஒழுங்காக வேலை செய்யும் என் கருவி, சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் மாட்டினால் "எர்த் இல்லை" என்று மறுக்கிறது. ஜெனரேட்டர் புதியது.

---

ஐந்தாம்சக்கரம் எழுதியது:

ஜெனரேட்டரில் கோளாறு இல்லை. கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் தனித்தனியாக இருக்கும். அந்த இணைப்பு இல்லாததைக் கருவி எர்த் இல்லை என்று படிக்கிறது. இதற்கென்றே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் கிடைக்கிறது. ஜெனரேட்டரின் காலியான இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகினால் போதும். அதன் மேல் "ஜெனரேட்டருக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிவையுங்கள். முகாமிலோ வீட்டிலோ செருகினால் நியூட்ரலில் போக வேண்டிய மின்சாரம் எர்த் கம்பியில் ஓடும்.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

எந்தக் கருவியும் எளிதில் பார்க்காத ஒன்றை நான் சேர்க்கிறேன்: சூடு. 30 ஆம்பியர் பிளக்கின் தகடுகளைப் பாருங்கள். புதிதில் பித்தளை மஞ்சளாகப் பளபளக்கும். தேய்ந்த சாக்கெட்டில் செருகிச் செருகி முதலில் தேன் நிறமாகும், அடுத்து ஓரங்களில் பொடிப்பொடிக் குழிகள் விழும், பிறகு தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் பழுப்பாகி இறுகும். சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் தடை ஏறினாலே 30 ஆம்பியரில் 3 வோல்ட் இழப்புதான். ஆனால் அந்தக் கட்டைவிரல் அகலத்தில் 90 வாட் சூடு. பழைய மேசை விளக்கின் பல்பை பிளக்குக்குள் எரியவிட்டதற்குச் சமம்.

ஏசியும் மைக்ரோவேவும் ஓட ஆரம்பித்து அரை மணி கழித்து பிளக்கின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், தகடுகளை அல்ல. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் லோடைக் குறையுங்கள். பக்கத்திலேயே 50 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் அடாப்டர் போட்டு அதற்கு மாறிவிடுவேன். பெரும்பாலும் அது அதிகம் தேயாமல் இறுக்கமாக இருக்கும். வண்டியின் 30 ஆம்பியர் பிரேக்கர் உள்ளே காவல் இருக்கிறது. கேபிளுக்கு மட்டும் 50 ஆம்பியர் பிரேக்கர்தான் காவல் என்பதால், வெட்டுப்பட்ட கேபிளோடு இதைச் செய்யக் கூடாது.

மாட்டும்போதும் பிடுங்கும்போதும் பிரேக்கர் இறங்கியிருக்க வேண்டும். அந்தக் குழிகள் பாதி பொறியால் விழுந்தவை.

---

ஐந்தாம்சக்கரம் எழுதியது:

மிகச் சரி. 30 ஆம்பியரில் லோடுக் கணக்கும் மனதில் இருக்கட்டும். ஏசி 13, மைக்ரோவேவ் 12, சுடுநீர் ஹீட்டர் 12: மூன்றும் சேர்ந்தால் 37. சுடுநீரை எரிவாயுவுக்கு மாற்றினால் 25.

மலைப்பாதை அவர்களுக்கு: பிற்பகல் இறக்கத்துக்கு ஆட்டோஃபார்மர் என்ற கருவி இருக்கிறது. அழுத்தத்தைச் சுமார் 10 சதவீதம் உயர்த்தும், 105ஐ 115 ஆக்கும். ஆனால் மின்பெட்டியிலிருந்து அதற்கு ஏற்பக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே திணறும் வரிசையில் அண்டை வண்டிகளுக்கு இன்னும் குறையும். முகாம் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட் (கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் கருவி) பொருத்துவதை நான் முதலில் செய்வேன். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 100க்குக் கீழே விழுவது அதனால் குறையும்.

---

மலைப்பாதை எழுதியது:

பார்த்துவிட்டோம். எங்கள் அடாப்டரின் எர்த் முனை உள்ளே உடைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீட்டரில் இரு முனைக்கும் நடுவே தொடர்ச்சி இல்லை. அடாப்டரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம், இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதால். பேனா டெஸ்டரும் கருவியும் வாங்கும்வரை மின் இணைப்பு இல்லாத இடத்திலேயே தங்கப்போகிறோம்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செப்புக்கம்பி ஐயா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர்களுடைய மின்பணியாளர் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். நியூட்ரல் அலுமினியக் கம்பி, திருகுக்குள் விரலால் ஆட்டினாலே ஆடியது. அதன் நுனி கருத்து, மேல் உறை குமிழ் குமிழாக உருகியிருந்தது. கம்பியை வெட்டிப் புதுமுனை எடுத்து இறுக்கினார். அதே வரிசையில் மற்ற பெட்டிகளையும் பார்க்கிறேன் என்றிருக்கிறார். எழுத்தில் ஒப்புதல் கேட்டிருக்கிறேன், காப்பீட்டுக்கு உதவும்.

உள்ளே பொருத்தும் வகையை வாங்க முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு கேள்வி: அதில் கருவியைத் தாண்டி மின்சாரத்தை நேராக உள்ளே விடும் பைபாஸ் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்போது பயன்படுத்துவது?

---

ஐந்தாம்சக்கரம் எழுதியது:

கருவியின் கட்டுப்பாட்டுப் பலகையே கெட்டுப்போய், முகாமின் மின்சாரம் சரி என்று மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகு மட்டும். கருவி ஒரு பிழை எண்ணைக் காட்டி மறுக்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு ஏசி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் என்னவென்று கையேட்டில் பார்த்து, மின்பெட்டியைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அல்லது வேறு இடம் கேளுங்கள். மாட்டியவுடன் மின்சாரம் வராவிட்டாலும் பதற வேண்டாம். கம்ப்ரசரைக் காக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் மாடல்களும் உண்டு.

---

செப்புக்கம்பி எழுதியது:

பொருத்தும்போது ஒரு வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள், நெடுஞ்சாலை. அன்று கருகிய வாசனை வந்த சார்ஜர் இருந்த பாதியில், குளிர்பதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையும், சுவரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டும் (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சாக்கெட்) இருக்கக்கூடும். ஜிஎஃப்சிஐயின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய சர்ஜ் புரொடெக்டரையும் இனி நம்ப வேண்டாம், அதன் வேரிஸ்டர்கள் அன்றே தீர்ந்திருக்கும்.